இரவில் எழுப்புவது எது?
புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு தூக்கமும் சிறுநீரும்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களில் பலர், மருத்துவரின் முன் உட்காரும்போது வலியைச் சொல்கிறார்கள், பசியின்மையைச் சொல்கிறார்கள். இரவில் மூன்று முறை, நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிப்பதை மட்டும் சொல்வதில்லை. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள். மகளோ மருமகனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்லக் கூச்சம் வேறு.

அறுபது வயதைக் கடந்தவர் இரவில் ஒரு முறை எழுவது சாதாரணம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை எழுந்து, மறுநாள் பகலெல்லாம் தலை கனத்து, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகவே தயங்குகிறீர்கள் என்றால் அதை வயதின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதில்லை. புரோஸ்டேட், சிறுநீர்ப்பை, கருப்பை, கருப்பை வாய், குடல், மார்பகம் ஆகிய இடங்களில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. காரணத்துக்கு ஏற்றபடி பரிகாரமும் மாறும். ஒருவருக்கு உதவியது இன்னொருவருக்குக் கெடுதலாகவும் முடியலாம். ஆகவே முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எது முதலில்?

அடுத்த முறை இரவில் விழிக்கும்போது, எழுவதற்கு முன் ஒரு நொடி யோசித்துப் பாருங்கள். சிறுநீர் முட்டியதால் விழித்தீர்களா? அல்லது வியர்வை, வலி, கவலை, கால் குடைச்சல், நாய் குரைப்பு என்று வேறு எதனாலோ விழித்து, "எழுந்ததுதான் எழுந்தோம், போய்விட்டு வந்து படுப்போம்" என்று போனீர்களா?

இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலத் தெரியும். முதலாவதில் சிறுநீர் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டாவதில் கெட்டுப்போன தூக்கம் உங்களைக் கழிப்பறைக்கு அனுப்புகிறது. இரண்டாவது வகையினர் தண்ணீரை எவ்வளவு குறைத்தாலும் தொல்லை தீராது. தொண்டை வறண்டு, மலச்சிக்கல் வந்து, சிறுநீர் மஞ்சளாகிக் கடுப்பதுதான் மிச்சம்.

மூன்று நாள் கணக்கு

காரணத்தைப் பிரித்துக் காட்ட ஓர் எளிய வழி இருக்கிறது. மருத்துவமனைகளிலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வார்கள். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் கோப்பை ஒன்று, பழைய பள்ளிப் புத்தகம் ஒன்று, பேனா ஒன்று. கோப்பை மருந்துக் கடையிலும் கிடைக்கும், கேக் செய்வதற்கான பொருட்கள் விற்கும் கடையிலும் கிடைக்கும். சமையலுக்கு வைத்திருப்பதை எடுக்காமல் இதற்கென்று தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்துக் கோப்பையில் ஊற்றி அளக்கலாம்.

மூன்று நாள், இரவும் பகலும், ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். எப்போது படுத்தீர்கள், எப்போது காலையில் எழுந்தீர்கள் என்பதையும் குறியுங்கள். குடித்தவற்றையும் எழுத வேண்டும்: கோப்பி, தே தாரேக், மைலோ, பார்லித் தண்ணீர், மோர், ரசம், சூப் எல்லாம் கணக்கில் சேரும். மூன்று நாளும் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பதில்லை. வெளியே போகாத நாட்களாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிறகு எண்களைப் பாருங்கள். ஒருவருடைய புத்தகத்தில் இரவில் 90, 100, 80, 110 மில்லிலிட்டர் என்று இருக்கிறது. பகலிலும் ஒவ்வொரு முறையும் நூறைத் தாண்டவில்லை. இவருடைய சிறுநீர்ப்பை குறைவாகவே பிடித்துவைக்கிறது. சாதாரணமாக வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை 300 முதல் 400 மில்லிலிட்டர் வரை தாங்கும்.

இன்னொருவர் இரவில் மூன்று முறைதான் எழுந்தார். ஆனால் 250, 300, 280 என்று போயிருக்கிறது. காலையில் எழுந்ததும் 270. மொத்தம் 1,100. ஒரு நாள் முழுவதுக்கும் கூட்டினால் 1,900. அதாவது பாதிக்கும் மேல் இரவில் வெளியேறுகிறது. முதியவர்களுக்கு இரவுப் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால், உடல் இரவில் அதிகமாகச் சிறுநீர் தயாரிக்கிறது என்று பொருள். இரவுப் பங்கைக் கணக்கிடும்போது காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். படுக்கப் போகுமுன் கழித்ததைச் சேர்க்கக் கூடாது. இவருடைய சிறுநீர்ப்பையில் குறை இல்லை.

மூன்றாமவர் பகலில் ஒவ்வொரு முறையும் 300 வரை போகிறார். இரவிலோ 60, 80, 70. பகலில் 300 தாங்கும் பை, இரவில் 60-க்கே எழுப்புவதற்கு நியாயம் இல்லை. இவரைப் பெரும்பாலும் எழுப்புவது வேறொன்று.

இந்த மூன்று வகைகளும் ஒரே ஆளிடம் கலந்தும் இருக்கலாம். நீங்களே முடிவு கட்ட வேண்டியதில்லை. புத்தகத்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறவர்களுக்கு

இடுப்புப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சிறுநீர்ப்பையின் உட்தோல் புண்பட்டு, சற்று நிறைந்தாலும் துடிக்கிறது. சிகிச்சையின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் இது தொடங்கி, முடிந்த சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்பவும் வரலாம்; அப்போது சிறுநீரில் இரத்தமும் தெரியலாம். சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டு ஆயிற்று, இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். தொடர்பு இருக்கலாம்; மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகப் பைக்குள் பி.சி.ஜி. மருந்து செலுத்திக்கொள்பவர்களுக்கு அதன் பிறகு ஓரிரு நாள் கடுப்பும் அடிக்கடி போகும் உணர்வும் இருப்பது வழக்கம். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ சிகிச்சை தந்த இடத்தில் உடனே தெரிவிக்க வேண்டும்.

நீர்க்கடுப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கடுப்பு என்றாலே "உடம்பு சூடு" என்று இளநீரும் பார்லியும் குடித்துச் சமாளிப்பது நம் வீடுகளில் வழக்கம். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் வந்த கடுப்புக்கு அது உதவும். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவருக்கு வரும் கடுப்பு கிருமித் தொற்றாக இருக்கக் கூடும். சிறுநீர்ப் பரிசோதனை ஒரு சின்ன வேலை. அதைச் செய்துகொண்ட பிறகு இளநீர் குடியுங்கள்.

புரோஸ்டேட் சுரப்பி உள்ளவர்களில் சிலருக்கும், இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆன சிலருக்கும் சிறுநீர்ப்பை முழுவதுமாகக் காலியாவதில்லை. தாரை மெலிந்து, சொட்டுச் சொட்டாக நின்று, வந்து படுத்த பத்து நிமிடத்தில் மறுபடி முட்டும். உள்ளே தேங்கி நிற்பதை ஸ்கேன் மூலம் வலியில்லாமல் அளந்துவிடலாம். இப்படிப்பட்டவர்கள் கடையில் விற்கும் சளி மருந்துகளை, குறிப்பாகத் தூக்கம் வரவழைக்கும் சளி மருந்துகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம்.

தேக்கம் இல்லை என்று தெரிந்தால், பகலில் சிறுநீர்ப்பைக்குப் பயிற்சி கொடுக்கலாம். போக வேண்டும் என்று தோன்றியதும் ஓடாமல், உட்கார்ந்து ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். சில நாள் கழித்துப் பத்து நிமிடம். இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி வரும்வரை மெதுவாக நீட்டுங்கள். இரவில் இதைச் செய்ய வேண்டாம், தூக்கம்தான் கெடும்.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆண்களுக்கும் பெண்களுக்கும் உதவும். புரோஸ்டேட் அகற்றப்பட்டு, இருமினால் தும்மினால் கசிகிறவர்களுக்கு இது மிகவும் முக்கியம். நாலு பேர் நடுவில் வாயு வரும்போது அடக்குவீர்கள் அல்லவா, அந்தத் தசையைத்தான் இறுக்க வேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்காமல், மூச்சை அடக்காமல், ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி தளர்த்துங்கள். பத்து முறை செய்வது ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒரு வாரம் செய்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் எப்போது தொடங்கலாம் என்று இயன்முறை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கலையும் கவனியுங்கள். நிறைந்த குடல் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்தும்.

நிறைய போகிறவர்களுக்கு

இரவில் அளவு அதிகமாக இருந்தால் முதலில் உங்கள் கால்களைப் பாருங்கள். மாலையில் கணுக்காலுக்கு மேல் விரலால் பத்து நொடி அழுத்துங்கள். பள்ளம் விழுந்து நிற்கிறதா? காலுறை போட்ட இடத்தில் கோடு பதிந்திருக்கிறதா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், நீங்கள் படுத்ததும் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. இரவு பதினொரு மணிக்குப் படுத்து, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் குடம் குடமாகப் போகிறதே என்று வியப்பவர்களுக்குப் பல நேரம் விடை காலில்தான் இருக்கிறது.

மாலை நான்கு, ஐந்து மணிவாக்கில் ஒரு மணி நேரம் கால்களைத் தலையணை வைத்து உயர்த்திப் படுத்திருங்கள். தொலைக்காட்சித் தொடரையும் அப்போதே பார்த்துவிடலாம். அந்த நீர் படுக்கைக்கு முன்பே வெளியேறிவிடும். இறுக்கமான மருத்துவக் காலுறை சிலருக்கு உதவும். ஆனால் கால் இரத்த ஓட்டம் குறைந்த நீரிழிவு நோயாளிக்கு அது ஆபத்து, ஆகவே கேட்டுவிட்டுப் போடுங்கள். புற்றுநோய்க்காக இடுப்பிலோ தொடை இடுக்கிலோ நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கும் கால் வீங்குவது உண்டு. நீர் போவதற்கான மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறீர்கள் என்றால், அதைக் காலைக்கோ பிற்பகலுக்கோ மாற்றலாமா என்று மருந்தாளரைக் கேளுங்கள். இந்த ஒரு மாற்றமே சிலருக்கு இரவில் இரண்டு தடவையைக் குறைத்துவிடும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது உப்பு. இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2017-இல் ஜப்பானின் நாகசாகி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று: புற்றுநோய்க்காரர்கள் என்று பார்க்காமல், உப்பு அதிகம் சாப்பிட்டு, இரவில் தூக்கம் கெட்டவர்களைச் சேர்த்தார்கள். உப்பை நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள், இரவில் எழுவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 முறையாகக் குறைந்தது. உப்பைக் கூட்டியவர்களுக்கு எழுவதும் கூடியது. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கச் சொல்கிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பெலாச்சான், நெத்திலிச் சம்பல், மேகி, சோயா சாஸ், நாசி கண்டார் கடையில் "குழம்பை நல்லா ஊத்துங்க" என்று கேட்டு வாங்குவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முழுவதும் விட வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் மட்டுமாவது குறைத்துப் பாருங்கள்.

குடிப்பதில், நாள் முழுவதற்கும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பெரும்பாலோருக்குச் சரி. இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவே அளவு. அதிகப் பங்கை மாலை ஆறு மணிக்குள் குடித்துவிடுங்கள். படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன்பிருந்து மாத்திரைக்கான ஒரு வாய்த் தண்ணீர் போதும். தேநீர், கோப்பியிலுள்ள கஃபீன் முதியவர்கள் உடம்பில் பல மணி நேரம் தங்கும். மதியத்தோடு நிறுத்துவது நல்லது. இரவு மாமாக் கடையில் பந்து பார்த்துக்கொண்டே குடிக்கும் தே தாரேக் உங்களை இரு வகையில் எழுப்பும்: கஃபீன் ஒன்று, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் இன்னொன்று. பீரும் அப்படியே. இரவில் தர்பூசணி சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இரவும் பகலும் அளவு அதிகமாக, தாகமும் சேர்ந்திருந்தால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். முன்பு நீரிழிவு இல்லாதவர்களும் கவனிக்க வேண்டும். கீமோவுடன் தரும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் சர்க்கரையை ஏற்றும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசியும் நீண்ட காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பைக் கூட்டும்.

சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டார் சொன்னால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுத் தடைபடும்போது இதயம் சுரக்கும் ஒரு பொருள் சிறுநீரை அதிகமாக்குகிறது. குறட்டைக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

தூக்கமே கலைகிறவர்களுக்கு

ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்களுக்கும், டாமொக்சிஃபென் போன்ற மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். ஆண்கள் இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள், பெண்களுக்கு வருவது நமக்கு வருகிறதே என்று. மருந்தின் வேலை அது. பருத்தித் துணி, மின்விசிறி, தலைமாட்டில் ஈரத் துவாலை, இரவில் காரமும் சூடான பானமும் தவிர்ப்பது ஆகியவை ஓரளவு உதவும். தாங்க முடியாவிட்டால் இதற்கும் மருந்து உண்டு, கேளுங்கள். ஊசியை மட்டும் தவறவிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையில் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது; மாலையில் சாப்பிட்டால் அது தூக்கத்தை விரட்டும்.

பிறகு, பயம். அடுத்த ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போவது பலருக்கும் நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வரும் எண்ணங்களுக்குப் பகலில் இருக்கும் அளவைவிடப் பெரிய உருவம் உண்டு. கவலைகளை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி, அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியதை அதில் குறித்து வைத்துவிடுங்கள்.

விழித்து இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையிலேயே புரள வேண்டாம். கடிகாரத்தையும் கைபேசியையும் பார்க்க வேண்டாம். எழுந்து, மங்கிய விளக்கில் நாற்காலியில் உட்கார்ந்து, ஜெபமோ தேவாரமோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். பகல் தூக்கம் அரை மணி நேரம், அதுவும் மூன்று மணிக்குள்.

காலை வெளிச்சமும் ஒரு மருந்துதான். நம் ஊரில் விடிவது தாமதம். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பினாங்கில் சூரியன் உதிக்கச் சுமார் ஏழிலிருந்து ஏழரை ஆகிவிடும். ஐந்தரைக்கு விழித்து இருட்டைப் பார்த்து "இன்னும் இரவு இருக்கிறதே" என்று படுக்கையில் ஒன்றரை மணி நேரம் கிடந்தால் அது தூக்கமின்மையாகத் தோன்றும். ஒன்பது மணிக்கே படுத்தவருக்கு ஐந்தரை என்பது எட்டரை மணி நேரம். சற்றுத் தாமதமாகப் படுத்து, விடிந்ததும் பாடாங் கோத்தா கடற்கரையிலோ தண்ணீர்மலை அருகிலுள்ள தாவரவியல் பூங்காவிலோ, வீட்டு வாசலிலோகூட, அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடந்து வாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். சிறுநீருக்கு எழும் முதியவருக்குத் தூக்க மாத்திரை என்பது அரைத் தூக்கத்தில் ஈரத் தரையில் நடப்பது.

கழிப்பறைக்குப் போகும் வழி

இந்தத் தொல்லையில் மிகக் கொடியது விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது. ஹார்மோன் சிகிச்சையும் ஸ்டீராய்டும் எலும்பை மெலியச் செய்வதால் நமக்கு அது இன்னும் எளிதில் உடையும்.

ஜோர்ஜ்டவுனின் பழைய கடை வீடுகளில் படுக்கை மாடியில் இருக்கும், கழிப்பறை கீழே கடைசிக் கோடியில் இருக்கும். நடுவில் செங்குத்தான மரப்படி, மழை பெய்தால் நனையும் திறந்த முற்றம். இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர் இரவில் கீழே இறங்கவே வேண்டாம். ஆண்களுக்குச் சிறுநீர்ப் போத்தலும், பெண்களுக்குக் கட்டிலருகே வைக்கும் கழிப்பு நாற்காலியும் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. முடிந்தால் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள். இதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுக்குமாடி வீடுகளில் வழி குறுகியதுதான், ஆனால் குளியலறைத் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. இரவில் கடைசியாகக் குளிப்பவர் தரையைத் துடைத்துவிடட்டும். வழியில் சிறிய இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி, வழுக்காத செருப்பு. கைலியையும் புடைவையையும் கணுக்காலுக்கு மேல் கட்டிக்கொள்ளுங்கள். விழித்ததும் சடாரென்று எழ வேண்டாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஆட்டி, தலை சுற்றாது என்று தெரிந்த பிறகு எழுங்கள். புரோஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழும்போது இரத்த அழுத்தம் இறங்கும். ஆண்களும் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது பாதுகாப்பு.

காத்திருக்கக் கூடாதவை

கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிவரை பொறுக்க வேண்டாம். சிறுநீர் சுத்தமாக வராமல் அடிவயிறு உப்பி வலித்தால். 38 பாகைக்கு மேல் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், கீமோ பெறுகிறவர்களுக்கு இது மிக அவசரம். சிறுநீரில் இரத்தக் கட்டிகள் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதுகில் புதிதாக, படுத்தாலும் குறையாத வலி. கால்கள் பலமிழப்பது அல்லது மரத்துப்போவது. உட்காரும் இடத்தைச் சுற்றி உணர்வு குறைவது. அதோடு சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் அடைப்பது. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவித் தண்டுவடத்தை அழுத்தும்போது இப்படி ஆகலாம். புரோஸ்டேட், மார்பகம், நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். சில மணி நேரத் தாமதம்கூட நடக்கும் திறனைப் பறித்துவிடக் கூடும். வீட்டில் உள்ளவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்கட்டும். 999-ஐ அழையுங்கள்.

எப்படிச் சொல்வது?

பினாங்கு மருத்துவமனையிலோ, 1976 முதல் இயங்கிவரும் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையிலோ, வேறு இடத்திலோ சிகிச்சை பெற்றிருந்தாலும், முதலில் உங்கள் வட்டார கிளினிக் கெசிஹாத்தானிலேயே இதைச் சொல்லலாம். சிறுநீர், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய பரிசோதனைகள் அங்கேயே நடக்கும். தேவைப்பட்டால் அனுப்பிவைப்பார்கள். மூன்று நாள் கணக்குப் புத்தகத்தையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

உங்களில் பெரும்பாலோர் மலாய் நன்றாகப் பேசுகிறவர்கள். ஆனாலும் பசாரில் மீன் வாங்கப் பேசும் மலாய் வேறு, இளம் தாதியிடம் கூச்சத்தோடு உடம்பைப் பற்றிப் பேசும் மலாய் வேறு. 'கென்சிங்' என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் 'புவாங் ஆயர் கெச்சில்' என்பது மரியாதையான சொல். "சாயா பாங்குன் மாலாம் எம்பாட் காலி உந்தோக் புவாங் ஆயர் கெச்சில்" என்றால் இரவில் நான்கு முறை எழுகிறேன் என்று பொருள். முழுவதுமாகப் போகவில்லை என்பதற்கு 'தாக் லாவாஸ்'. இரத்தம் 'டாராஹ்', தூக்கம் வரவில்லை 'சுசா தீடோர்'. அதுவும் வேண்டாம் என்றால் எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். பிள்ளைகளை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்வதில் தவறில்லை. மருத்துவரே அதைச் செய்து தருவார்.

மருத்துவர் சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மருந்து தரலாம். அவற்றில் சில வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும், வயதானவர்களுக்கு மனத்தைக் குழப்பும். இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் என்ற மருந்தும் உண்டு. அது இரத்தத்தில் உப்புச் சத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக் கூடும் என்பதால், முதியவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே தருவார்கள். அந்தப் பரிசோதனைக்குக் குறித்த தேதியைத் தவறவிட வேண்டாம். மருந்து தொடங்கிய பிறகு தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன் கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.